கீமோ போர்ட் வச்சுட்டு வந்த பிறகு வீட்ல நடக்குற தப்புகள்

கீமோக்கு முன்னாடி நெஞ்சுல போர்ட் வைக்கிறது சின்ன ஆபரேஷன்தான், நிறைய பேரை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, அதனாலயே வீட்ல யாரும் இதைப் பெருசா எடுத்துக்கிறதில்ல. போர்ட்ங்கிறது மருந்து ஏத்துறதுக்காகத் தோலுக்கு அடியில வைக்கிற ஒரு சின்ன டப்பா, அதுல இருந்து ஒரு மெல்லிசு ட்யூப் கழுத்து ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குப் பக்கத்துல வரைக்கும் போகுது. அதுல கிருமி ஏறுச்சுன்னா நேரா ரத்தத்துலதான் கலக்கும்.

அதனால முதல்ல, தையல் மேல எதையும் தடவாதீங்க. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைச்சது எதுவுமே வேண்டாம், பெரியவங்க பாசத்துலதான் சொல்வாங்க, ஆனாலும் பக்குவமா எடுத்துச் சொல்லி நிறுத்திடுங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் மேலுக்குத் தண்ணி ஊத்தாம ஈரத்துணியால துடைச்சுக்கோங்க, அப்படியும் டிரெஸ்ஸிங் நனைஞ்சுட்டா தானா காயட்டும்னு விடாம ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேட்டு மாத்திடுங்க.

யாரும் கவனிக்காத ஒண்ணு தாலிச் சரடு. குனிஞ்சு நிமிரும்போதெல்லாம் சரியா அந்த இடத்துலதான் வந்து உரசும், உள்பாடி பட்டையும் அப்படித்தான். முன்பக்கம் பட்டன் வச்ச லூஸான நைட்டி இப்பவும் வசதி, அப்புறம் கீமோ ஏத்தும்போதும் வசதி. கார்ல சீட் பெல்ட் அழுத்துதுன்னு போடாம மட்டும் போயிடாதீங்க, ஒரு டவலை மடிச்சு இடையில வச்சுக்கிட்டா போதும்.

போர்ட் வச்ச பக்கத்துக் கை விஷயத்துல ரெண்டு விதமாவும் தப்பு பண்றாங்க. சிலர் மறுநாளே தண்ணி பக்கெட்டைத் தூக்குறாங்க, சிலர் பயந்துபோய் கையை அசைக்கவே மாட்டேங்குறாங்க, தோள் இறுகிப் போகுது. கனம் தூக்க வேண்டாம், ஆனா சாப்பிடுறது, முகம் கழுவுறது மாதிரி லேசான வேலைக்கெல்லாம் அந்தக் கையைத் தாராளமா பயன்படுத்தலாம். கழுத்துலயும் சின்னதா ஒரு வெட்டு இருக்கும்ங்கறதால அங்க வலியும் லேசா நீலம் பாரிச்ச மாதிரியும் சில நாள் இருக்கும், அதுக்குப் பயப்படாதீங்க.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. உடம்பு சுடுதுன்னதும் ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கிறதுதான் இதுல இருக்கிற பெரிய தப்பு, மாத்திரை காய்ச்சலை மறைச்சுடும், உள்ள இன்ஃபெக்‌ஷன் ஏறிக்கிட்டே இருக்கும். மாத்திரைக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ நடுராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க, அதுவும் கீமோ ஆரம்பிச்சுட்டா கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணு குறைஞ்சிருக்கும், விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, கையோ கழுத்தோ முகமோ வீங்குது, தையல்ல சீழ் வருதுன்னாலும் அதேதான்.

பத்தியம்னு முட்டை, மீன், பருப்பை எல்லாம் நிறுத்திடாதீங்க, புண்ணு ஆற புரதம் வேணும்.

அப்புறம், பக்கத்துத் தெரு கிளினிக்ல ஒரு டிரிப்ஸ் போடணும்னு போர்ட்டைக் குத்த விடாதீங்க. அதுக்குன்னே ஹூபர் ஊசி இருக்கு, சாதாரண ஊசி குத்தினா மேல இருக்கிற ரப்பர் மூடி சேதமாகி ஒழுக ஆரம்பிக்கலாம். சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏத்துறதும் எல்லா போர்ட்லயும் முடியாது, எந்த வகைன்னு போர்ட் வச்ச ஆஸ்பத்திரியில கொடுக்கிற கார்டுல இருக்கும், அதை பர்ஸ்லயே வச்சுக்கோங்க. கீமோ முடிஞ்ச பிறகும் போர்ட்டை எடுக்கிற வரைக்கும் சொன்ன தேதிக்குப் போய் ஃப்ளஷ் பண்ணிக்கணும், அதாவது மருந்துத் தண்ணி ஏத்தி ட்யூபைக் கழுவிக்கணும், இல்லன்னா அடைச்சுக்க வாய்ப்பிருக்கு.