ஸ்டார் வார்ஸில் தொழில்நுட்பம் உறைந்துபோனதா? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், மாஸ் ஐஸ்லி ஊரில் கதாநாயகன் லூக் லேண்ட்ஸ்பீடர் என்ற தன் மிதக்கும் வண்டியை விற்றுவிட்டு வருவான். எக்ஸ்பி-38 என்ற புது மாடல் வந்ததிலிருந்து இந்த வண்டிக்குக் கிராக்கி இல்லை என்று தன் ஆசான் ஓபி-வானிடம் குறைப்பட்டுக்கொள்வான். சில நொடிகளில் கடந்துபோகிற வசனம். ஆனால் அதற்குள் ஒரு சந்தையே இருக்கிறது. புது மாடல் வருகிறது, பழைய வண்டியின் விலை விழுகிறது, அந்தச் செய்தி விண்மண்டலத்தின் ஓரத்தில் கிடக்கும் பாலைவனக் கிரகம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

"நாலாயிரம் ஆண்டுகளாக அதே ஒளிவாள், அதே டிராய்டு (ரோபோ), அதே வேகம். இந்தக் கதை உலகில் எதுவுமே வளரவில்லை" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குற்றச்சாட்டை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எடுத்துவைப்பவர்களும் மறுப்பவர்களும் ஒரே விதமான தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தக் கதைகளைப் பார்த்தும் படித்தும் வருகிறவன் என்ற முறையில் அது எனக்கு உண்மையாகவே உறுத்துகிறது.

முதலில், அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2003-இல் வந்த, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்' விளையாட்டிலிருந்து வந்தது அது. அந்தக் கதை நடப்பது படங்களுக்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம், அதுவரை வந்த நாவல்கள், படக்கதைகள், விளையாட்டுகளில் பெரும்பகுதியை 'லெஜண்ட்ஸ்' என்று அதிகாரபூர்வக் கதைக்கு வெளியே பிரித்துவிட்டது. அதிகாரபூர்வக் கதையில் இன்று விரிவாகச் சொல்லப்பட்டிருப்பது பெரும்பாலும் கடைசிச் சில நூற்றாண்டுகளின் வரலாறுதான். லெஜண்ட்ஸை மதிப்பதில் தவறில்லை, நானே அதை நேசிக்கிறவன்தான். ஆனால் ஒரு கணக்கை அதிலிருந்தும் இன்னொரு கணக்கைப் புதுப் படங்களிலிருந்தும் எடுத்துக் கழித்துப் பார்த்தால் வரும் விடை எந்த உலகத்துக்கும் பொருந்தாது.

வசனங்களைப் பஞ்சாங்கமாக எடுத்துக்கொள்வதும் இதைச் சேர்ந்ததுதான். ஆயிரம் தலைமுறைகளுக்கும் மேலாக ஜெடாய்கள் என்ற ஒளிவாள் வீரர்கள் குடியரசைக் காத்தார்கள் என்கிறார் ஓபி-வான். ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் குடியரசு என்று 2002-இல் வந்த படத்தில் பால்படீன் பேசுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று இழந்த காலத்தை எண்ணி ஒரு முதியவர் சொன்னது, மற்றொன்று அரசியல்வாதியின் பேச்சு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படைப்பு வெளிவந்த ஆண்டையும் கதை நடக்கும் ஆண்டையும் குழப்பிக்கொள்வது. 1990-களில் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'டேல்ஸ் ஆஃப் தி ஜெடாய்' படக்கதைகளைப் புரட்டிப் பாருங்கள். கப்பல்கள், உடைகள், கட்டடங்கள் எல்லாவற்றிலும் புராதன வாடை அடிக்கும். மிகப் பழைய காலத்து ஜெடாய்கள் சிலரின் ஒளிவாளிலிருந்து ஒரு கம்பி இறங்கி இடுப்பில் கட்டிய மின்கலப் பெட்டிக்குப் போகும். அந்த வரிசையில் வரும், ஜெடாய்களின் எதிரிகளான சித்களோடு நடந்த பெரும் சித் போருக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து நடக்கிறது மேலே சொன்ன விளையாட்டின் கதை. அதற்குள் எல்லாமே 1999-க்குப் பிந்தைய படங்களின் சாயலுக்கு மாறிவிட்டது. வீரர்களின் கப்பலான எபன் ஹாக்கைப் பார்த்தால் முதல் படத்துக் கப்பலான மில்லேனியம் ஃபால்கனின் தம்பி என்று சொல்லத் தோன்றும். கதை உலகில் அந்த நாற்பது ஆண்டுகளில் எந்தப் புரட்சியும் நடக்கவில்லை. மாறியது நம் உலகம்தான். வாங்குபவர் பெட்டியைப் பார்த்த உடனே இது ஸ்டார் வார்ஸ் என்று அடையாளம் காண வேண்டியிருந்தது.

இதே காரணத்தால்தான், முன்கதைப் படங்களின் பளபளக்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு "தொழில்நுட்பம் பின்னோக்கிப் போயிருக்கிறது" என்று சொல்வதும் தவறு. நபூ அரசியின் வெள்ளிநிறக் கப்பல், செழிப்பான ஒரு கிரகத்தின் அரசவைக் கப்பல். ஃபால்கன், கடத்தல்காரன் ஒட்டுப்போட்டு ஓட்டும் பழைய சரக்குக் கப்பல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த உலகத்தில் செல்லாது. லூக் வளர்ந்த பாலைவனக் கிரகமான டட்டூயினில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பயிர் செய்யும் குடும்பத்தை வைத்து, கிரகம் முழுவதும் நகரமாகிப்போன கோரஸாண்டை அளக்க முடியாது.

சரி, உண்மையில் எதுவாவது வளர்ந்ததா? போர்க்கப்பல்களைப் பார்த்தால் தெரியும். 2002-இல் வந்த படத்தில் ஓபி-வான் காமினோ கிரகத்துக்குப் போகும்போது அவருடைய சிறு கலத்துக்கு நட்சத்திரங்களுக்கு இடையே ஒளிவேகத்தில் தாவுவதற்கான சொந்த எந்திரம் கிடையாது. பெரிய வளையம் ஒன்றில் பூட்டிக்கொண்டு வருகிறார். கிரகத்தை நெருங்கியதும் வளையத்தை விண்வெளியில் விட்டுவிட்டுக் கலத்தை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்குகிறார். கதைக் கணக்கில் 25 ஆண்டுகள் கழித்து, லூக் தன் எக்ஸ்-விங் போர்க்கலத்தில் டேகோபா கிரகத்துக்குத் தனியாகப் போகிறான். வளையம் இல்லை, எந்திரம் உள்ளேயே இருக்கிறது. இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: நபூவின் மஞ்சள் நிறப் போர்க்கலத்தில் அதற்கும் முன்பே அந்த எந்திரம் இருந்ததே? இருந்தது. ஆனால் அது ஒரு பணக்கார அரசின் பெருமைக்காகச் சிலவே செய்யப்பட்ட கலம். எக்ஸ்-விங்கோ, கையில் காசில்லாத கிளர்ச்சிக்காரர்கள் அணி அணியாகப் பறக்கவிட்ட கலம். அரசவையில் இருந்தது போராளியின் கைக்கு வந்திருக்கிறது. உச்சத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. உச்சம் நகராமல் இருக்கும்போதே பரவல் நடக்கலாம், அதுவும் வளர்ச்சிதான்.

ஆயுதங்களில் உச்சமும் நகர்ந்திருக்கிறது. குடியரசுக்குப் பின் வந்த பேரரசின், கிரகங்களை அழிக்கும் விண்நிலையமான முதல் டெத் ஸ்டார் நிலவு என்று மயங்கும் அளவுக்குப் பெரியது. அதைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. நான்கே ஆண்டுகளில் வந்த இரண்டாவது, நகர்ந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களையே குறிவைத்துச் சுடுகிறது. 2019-இல் வந்த படத்தில், கிரகத்தை அழிக்கும் பீரங்கி ஒவ்வொரு கப்பலின் அடிவயிற்றிலும் தொங்குகிறது. ஒளிவேகத்தில் தாவிய கப்பலைப் பின்தொடர்ந்து கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள், 2017-இல் வந்த படத்தில் அது நடந்துவிடுகிறது. ஆனால் 2016-இல் வந்த 'ரோக் ஒன்'னில் பேரரசின் ஸ்காரிஃப் ஆவணக் கிடங்கில் கோப்புகளைத் தேடும் காட்சியைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் அதே ஆய்வின் பெயர் வருகிறது. பேரரசு அதைத் தொடங்கி, பூட்டி வைத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே அது களத்துக்கு வந்திருக்கிறது.

என் பார்வையில் விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. இந்த உலகில் அறிவு வளர்வது ராணுவத்தின் பூட்டிய அறைகளுக்குள். அந்த அறையோடு சேர்ந்தே அது அழிந்தும் போகிறது. அதே 'ரோக் ஒன்'னில் ஈடு கிரகத்தின் மழையில், மேடையில் பொறியாளர்கள் வரிசையாக நிற்க வைக்கப்படுகிறார்கள். அவர்களில் யாரோ ரகசியத்தைக் கசியவிட்டிருக்கிறார்கள். ஆயுதத்தை வடிவமைத்த கேலன் எர்ஸோ முன்வந்து, செய்தது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியும் மற்ற எல்லாரையும் சுட்டுத் தள்ள உத்தரவிடுகிறார் பேரரசின் அதிகாரி கிரென்னிக். டெத் ஸ்டாரின் ஆயுதத்தை உருவாக்கிய மூளைகள் அவை. காமினோவின் கதையும் இதுதான்: குளோன் (நகல் மனிதர்) படையை உருவாக்கிய அந்த நகரத்தைப் பேரரசே குண்டு வீசி மூழ்கடித்தது. டிராய்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் தேர்ந்துகொண்டே போகக்கூடிய இயந்திரங்களின் நினைவை அழித்துவிடுவது அங்கே சர்வசாதாரணம். சி-3பிஓ என்ற டிராய்டின் நினைவும் ஒரே உத்தரவில் போய்விட்டது. தேக்கத்துக்கு இதுதான் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒற்றைக் காரணத்தில் எல்லாவற்றையும் அடைப்பதும் தவிர்க்க வேண்டியதே. படைப்பாளர்கள் இதையெல்லாம் திட்டமிட்டு எழுதினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் காட்சிகள் கண்முன்னே இருக்கின்றன.

இன்னொரு தவறும் உண்டு: நம்முடைய கடைசி இருநூறு ஆண்டுகளை அளவுகோலாக எடுத்துக்கொள்வது. மனித இனத்தின் முன்னோர் செய்த கற்கோடரி பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. நம் காலத்திலேயே பாருங்கள். போயிங் 707 பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1958-இல். இன்றைய பயணிகள் விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் பறக்கிறது. எரிபொருள் செலவு குறைந்தது, பாதுகாப்பு கூடியது, டிக்கெட் சாதாரண மக்களுக்கும் எட்டியது. கடைசி பி-52 குண்டுவீச்சு விமானம் 1962-இல் செய்யப்பட்டது, அந்த விமானங்கள் இன்றும் பறக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒருவர் நம் விமானங்களின் படங்களை மட்டும் பார்த்தால், இவர்கள் தேங்கிப்போனார்கள் என்றுதான் முடிவு செய்வார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தேக்கமே இல்லை என்று சாதிப்பதும் தவறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் படத்தின் முடிவில் நடக்கும் யாவின் போருக்கு 32 ஆண்டுகள் முன்பு, சிறுவன் அனகின் ஓட்டிய நபூ கலத்தின் முதுகில் ஆர்2-டி2 என்ற டிராய்டு உட்கார்ந்திருந்தது. பிறகு லூக்கின் எக்ஸ்-விங்கில் உட்கார்ந்தது. போருக்கு 35 ஆண்டுகள் பின்பு, கடைசிப் போரில் விமானி போ டாமரோனின் எக்ஸ்-விங்கில் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 67 ஆண்டுகள். இடையில் ஆட்சிகள் மாறின, கப்பல் செய்யும் நிறுவனங்கள் மாறின. விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்த வட்டக் குழி மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குள் அதே டிராய்டு பொருந்தி உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறது. எந்த நிறுவனமும் அதைவிடத் தேர்ந்த ஒன்றைக் கொண்டுவந்து அதை ஓரங்கட்டவில்லை. இதற்கு விளக்கம் தேடி நானும் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பார்ப்பவர்கள் ஆர்2-வைக் கைவிட மாட்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.