சைஸும் கலரும்: ஆன்லைன் கடையில் ஆப்ஷன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பின்னலாடைகளை வாங்கி, இணையதளம் கட்டும் வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடை நீட்சியைப் போட்டுச் சொந்தக் கடை திறக்கிறவர்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, பேமென்ட் கேட்வே வேலை செய்கிறது. தீபாவளி ஆர்டர் குவியும்போது கடை இடறுவது சைஸ், கலர் அமைத்த இடத்தில்தான். அதுவும் பழையவர்கள் எல்லாரும் ஒருமுறை விழுந்த அதே பள்ளங்களில். எழுத்துப் பிழையையும் மங்கலான படத்தையும் கடைக்காரரே கவனித்துத் திருத்திக்கொள்வார். வெளியே தெரியாமல் பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

மொத்தத்துக்கும் ஒரே ஸ்டாக் எண்

இத்தனை வருடமாகியும் ஓயாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் பத்து நிமிட வேலையில் தவிர்த்துவிடலாம்.

ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நான்கு சைஸ், ஒவ்வொன்றிலும் 15 பீஸ், ஆக 60. பிராடக்ட் பக்கத்தில் 'இன்வென்டரி' என்ற பகுதிதான் முதலில் கண்ணில் படும். புதியவர் அங்கே ஸ்டாக் கணக்குக்கான பெட்டியில் டிக் போட்டு 60 என்று எழுதிவிடுகிறார். பிறகு வேரியேஷன்களை, அதாவது ஒவ்வொரு சைஸுக்குமான உட்பிரிவுகளை, உருவாக்குகிறார். ஒவ்வொரு வேரியேஷனுக்குள்ளும் 'மேனேஜ் ஸ்டாக்' என்று தனிப்பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அப்படி விட்டால் நான்கு சைஸும் அந்த 60-லிருந்துதான் எடுக்கும்.

எல் சைஸ் 15-ம் விற்று ராக்கில் அந்த வரிசை காலியாகிவிட்டது. கடையின் கணக்கிலோ இன்னும் 45 இருக்கிறது. பதினாறாவது எல் ஆர்டரையும் வாங்கிக்கொள்ளும், இருபத்தைந்தாவதையும் வாங்கிக்கொள்ளும். பேக்கிங் மேஜையில் நிற்கிறவருக்குத்தான் விஷயம் தெரியவரும். முன்பணம் கட்டிய ஆர்டரென்றால் ரீஃபண்ட் போட வேண்டும். பணத்தைத் திருப்பினாலும் கேட்வே கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. கேஷ் ஆன் டெலிவரி என்றால், "எக்ஸ்எல் அனுப்பட்டுமா?" என்று போன் போட்டுச் சம்மதம் வாங்கி அனுப்புகிறார்கள். அதில் பல பார்சல்கள் ரிட்டர்ன் ஆகி, போக வர இரண்டு பக்க கூரியர் செலவும் கடைக்காரர் தலையில் விழுகிறது. இதற்கு மாற்றாக மொத்த எண்ணை 60-லிருந்து 40 ஆகக் குறைத்து வைக்கிறவர்கள் உண்டு. அதனால் பயனில்லை. எல் அப்போதும் கூடுதலாக விற்கும், எஸ் விற்காமல் தேங்கும்.

சரியான வழி இதுதான். மேல்மட்ட 'இன்வென்டரி' பகுதியில் டிக்கை எடுத்துவிடுங்கள். 'வேரியேஷன்ஸ்' பகுதிக்குப் போய், அங்குள்ள மொத்தச் செயல் பட்டியலில் 'மேனேஜ் ஸ்டாக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் டிக் விழும். பிறகு ராக்கில் எண்ணிய எண்ணை ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். தீர்ந்த பிறகும் ஆர்டர் எடுக்கும் 'பேக்-ஆர்டர்' வசதி 'அனுமதிக்காதே' என்ற நிலையில் இருக்க வேண்டும். மேலேயும் டிக் இல்லாமல், வேரியேஷனிலும் டிக் இல்லாமல் விட்டால் இன்னும் மோசம். எண்ணிக்கையே இருக்காது, எல்லாச் சைஸும் எப்போதும் 'இருப்பில் உள்ளது' என்றே காட்டும்.

பொருள் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பு மூலம் ஏற்றுகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். 'டைப்' பத்தியில் 'வேரியபிள்' என்று இருப்பது முழுப் பொருளுக்கான தாய் வரிசை, 'வேரியேஷன்' என்று இருப்பவை பிள்ளை வரிசைகள். தாய் வரிசையின் ஸ்டாக் கட்டத்தைக் காலியாக விட்டு, பிள்ளை வரிசைகளில் மட்டும் எண்களை நிரப்புங்கள். சைஸ் பத்தியில் தாய் வரிசையில் எல்லாச் சைஸும் காற்புள்ளி போட்டு வரும், பிள்ளை வரிசையில் ஒன்று மட்டும்தான் வர வேண்டும்.

இன்னொன்று, பிராடக்ட் செட்டிங்ஸில் 'ஹோல்ட் ஸ்டாக்' என்று நிமிடக் கணக்கு இருக்கும், இயல்பாக 60. பணம் கட்டிக்கொண்டிருக்கிறவருக்காக அந்தப் பீஸை ஒதுக்கி வைப்பது இதுதான். அதைக் காலியாக்கினால் கடைசி ஒரு பீஸை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கிவிடலாம்.

எஸ்கேயு-வைத் தாய்க்கு மட்டும் போடுவது

எஸ்கேயு என்பது ஒவ்வொரு சரக்கையும் அடையாளம் காட்டும் குறியீடு. வேரியேஷனின் எஸ்கேயு காலியாக இருந்தால் வூகாமர்ஸ் தாயின் எஸ்கேயு-வையே காட்டும். பேக்கிங் சீட்டில் எம், எல், எக்ஸ்எல் மூன்றுக்கும் ஒரே குறியீடு விழும். அவசரத்தில் குறியீட்டைப் பார்த்து எடுக்கிறவர் தவறான சைஸைத்தான் எடுப்பார். மார்க்கெட்பிளேஸ்களிலும் சேர்த்து விற்கிறவர்களுக்கு ஸ்டாக்கை ஒத்திசைக்கும் மென்பொருள் பெரும்பாலும் எஸ்கேயு-வை வைத்துத்தான் வேலை செய்கிறது, அங்கேயும் எல்லாம் குழம்பும். மாடல், கலர், சைஸ் என்ற வரிசையில் ஒரு முறையை வகுத்து அதை மாற்றாமல் தொடருங்கள்.

எக்செல் சைஸைத் தேதியாக்கிவிடும்

குழந்தைகள் உடையில் '2-4', '4-6' என்று சைஸ் எழுதுவது வழக்கம். சிஎஸ்வி-யை நேரடியாக எக்செலில் திறந்தால் '2-4' ஏதோ ஒரு பிப்ரவரி, ஏப்ரல் தேதியாக மாறிவிடும். சேமித்து ஏற்றினால் கடையிலும் தேதிதான் சைஸாக நிற்கும். 13 இலக்க பார்கோடும் அப்படித்தான். சுருங்கி '8.9E+12' போலத் தெரிந்து, அதே நிலையில் சேமித்தால் பின் இலக்கங்கள் போய்விடும். 'டேட்டா' மெனு வழியாக இறக்குமதி செய்து அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். சைஸுக்கு அதைவிட எளிய வழி, '2-4 வயது' என்று எழுத்தோடு சேர்த்து எழுதுவது. எக்செல் அதைத் தொடாது.

எல்லாவற்றையும் ஆப்ஷன் ஆக்குவது

6 சைஸ், 8 கலர், 3 கை நீளம் என்றால் 144 வேரியேஷன். வூகாமர்ஸ் போன்ற இன்னொரு கடைத் தளமான ஷாப்பிஃபையில் நெடுங்காலம் ஒரு பொருளுக்கு 100 தான் உச்சம், இப்போது 2,048 வரை போகலாம். ஆனால் ஆப்ஷன் வகை இன்னும் மூன்றுதான். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது. வூகாமர்ஸில் வேரியேஷன்கள் 30-ஐத் தாண்டினால், இல்லாத சேர்க்கைகளை முன்கூட்டியே மறைப்பது நின்றுவிடும். வாடிக்கையாளர் கலர், சைஸ், கை என்று மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் அப்படி ஒன்று இல்லை என்ற செய்தி வரும். மொபைலில் பார்க்கிறவர் அதோடு வெளியேறிவிடுவார். அரைக்கையையும் முழுக்கையையும் தனித்தனிப் பொருளாக்குங்கள். பெயர் அச்சிடுவது, கிஃப்ட் பேக்கிங் போன்றவை ஸ்டாக்கைத் தொடாதவை. அவற்றை வேரியேஷனில் சேர்க்காமல் கூடுதல் கட்டணத்தோடு நிரப்பும் தனிப் பெட்டியாக வையுங்கள்.

நேவி, நேவி ப்ளூ, டார்க் ப்ளூ

ஒரே நிறம், மூன்று பெயர். ஃபில்டரில் மூன்று பெட்டிகளாகத் தெரியும். நிறங்களை ஒவ்வொரு பொருளுக்குள்ளும் தட்டாமல், 'அட்ரிப்யூட்ஸ்' (சைஸ், கலர் போன்ற பண்புகள்) பக்கத்தில் பொதுப் பட்டியலாக ஒருமுறை உருவாக்கி அதிலிருந்து எடுங்கள். பொருளுக்குள்ளேயே தட்டிய அட்ரிப்யூட் கடையின் ஃபில்டரில் வரவே வராது.

தீர்ந்துபோன சைஸை அழிப்பது

அழிக்காதீர்கள். ஸ்டாக்கைப் பூஜ்யமாக்குங்கள். அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் அதற்குப் புது அடையாள எண் வரும். பழைய விளம்பர இணைப்புகள் உடையும், கூகுளில் பொருட்களைக் காட்டப் பட்டியல் ஏற்றும் மெர்ச்சன்ட் சென்டரில் அந்த எண்ணை வைத்து ஏற்றியிருந்தால் அங்கே அது புதுப்பொருளாகிவிடும்.

விலை போடாத வேரியேஷன்

கடையில் தெரியாது. அவ்வளவுதான்.

எல், எம், எஸ், எக்ஸ்எல் என்ற வரிசை

அகர வரிசை வேண்டாம். அட்ரிப்யூட்டில் 'கஸ்டம் ஆர்டரிங்' வைத்து இழுத்து அடுக்குங்கள்.

பெரிய சைஸும் ஜிஎஸ்டி-யும்

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் ₹2,500 வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. எக்ஸ்எல் ₹2,450, டபுள் எக்ஸ்எல் ₹2,550 என்று வரி சேர்க்காத விலை வைத்தால் ஒரே பொருளுக்குள் இரண்டு வரி விகிதம் வந்துவிடுகிறது. வேரியேஷனின் டாக்ஸ் கிளாஸ் (வரிப் பிரிவு) இயல்பாகத் தாயைத்தான் பின்பற்றும். நீங்களாக மாற்றாவிட்டால் டபுள் எக்ஸ்எல் பில்லிலும் 5 சதவீதமே விழும், மீதியைக் கையிலிருந்து கட்ட நேரும்.

முன்கூட்டியே ஒரு சைஸைத் தேர்ந்தெடுத்து வைப்பது

'எம்' என்று இயல்புத் தேர்வு வைத்தால், கவனிக்காமல் பட்டனை அழுத்துகிறவர்களுக்கெல்லாம் எம்-தான் போகும். கலருக்கு இயல்புத் தேர்வு வைக்கலாம், படம் காட்ட உதவும். சைஸுக்கு வேண்டாம். ஷாப்பிஃபையில் பல தீம்கள் கையில் இருக்கும் முதல் வேரியன்ட்டைத் தானாகவே தேர்ந்தெடுத்து நிற்கும். தீம் அமைப்பில் அதை நிறுத்த வழியில்லையென்றால், கார்ட் பக்கத்தில் சைஸைப் பெரிய எழுத்தில் காட்டச் செய்யுங்கள்.