நோன்பில் சர்க்கரை இறங்கியபோது

போன ரமலானில் ஒருநாள் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியது. விரலில் குத்திப் பார்த்தால் 62. 70-க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும். மனசே இல்லாமல் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன்.

தப்பு என்னுடையதுதான். காலையில் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை அப்படியே சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, மாற்றியிருந்தேன். பகலெல்லாம் வெறும் வயிற்றில் அது சர்க்கரையை இறக்கிவிட்டது.

இந்த வருஷம் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபான் பிறந்ததுமே டாக்டரிடம் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டும் பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைத்து, நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாற்றினார். (ஆளுக்கு ஆள் இது மாறும், என்னைப் பார்த்துப் போடாதீர்கள்.) சஹரில் வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, முட்டை.

விரலில் குத்தினால் நோன்பு முறியுமோ என்று உம்மாவுக்குச் சந்தேகம். மார்க்கம் படித்த ஆலிம் முறியாது என்றதும் சமாதானமானார். நோன்புக் கஞ்சியை மட்டும் விடவில்லை. ஒரு கிண்ணம், வடை இல்லாமல்.