விசில் ஊதலையே சார்! புது பி.டி. சார்களுக்குச் சில வார்த்தைகள்

குறுவட்டப் போட்டிகளில் புதிதாக வேலைக்கு வந்த பி.டி. சார்கள் கோட்டுக்கு வெளியே நின்று பையன்களைத் திட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் பழைய என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. விசிலை மறந்துவிட்டு வருவது, சுண்ணாம்புக் கோடு கோணலாகப் போவது எல்லாம் இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். தானாகச் சரியாகாத தப்புகள் இவை.

"நடுவர் ஊதினாரா?"

14 வயதுக்குட்பட்டோர் கபடி. ஆட்டம் முடிய இரண்டு ரெய்டுதான் பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பையன் பாடி வந்தபோது எங்கள் கார்னர் பையன் பின்வாங்கி, கடைசிக் கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. அவனாகவே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தான். புள்ளி சமம், அடுத்த ரெய்டில் தோல்வி.

நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "நடுவர் ஊதினாரா? அப்புறம் நீ ஏன்டா வெளியே வந்தே?"

அதற்குப் பிறகு அவன் கையைத் தூக்கியதே இல்லை. அவன் மட்டுமா? சில மாதம் கழித்து பி.டி. பீரியடில் ஒரு சண்டை, "தொட்டானா இல்லையாடா?" என்று கேட்டால் ஒரு பொடியன் நிதானமாகச் சொல்கிறான், "நீங்க விசில் ஊதலையே சார்." என் வாயிலிருந்து போனதுதான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

கபடியில் அவுட்டானவன் அதோடு தொலைந்துவிடுவதில்லை, தன் அணி எதிராளியை அவுட்டாக்கினால் வரிசைப்படி உள்ளே வந்துவிடலாம். தப்பை ஒத்துக்கொள்ள இவ்வளவு மலிவான இடம் பையனுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அதைத்தான் நான் கெடுத்தேன்.

இப்போது வாரத்தில் ஒரு ஆட்டம் விசில் இல்லாமல். அவுட்டானவனேதான் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் சண்டைதான் நடக்கும், தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், நீங்கள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கோ-கோவில் எண்ணாமல் விடுவது

சதுரத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் கோ விழாமல், அதாவது துரத்துகிறவன் முதுகில் தட்டி 'கோ' சொல்லாமல், எழுந்திருக்க முடியாது. வேகக்காரர்கள் நாலு பேர் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு வெயில்தான் மிச்சம். யாருக்கு விழவில்லை என்று எண்ணுங்கள். எந்தத் தெருப் பையனுக்கு விழவில்லை என்பதையும் சேர்த்து.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

லேட்டாக வந்தவனை நாலு ரவுண்டு ஓடவிட்டு, அப்புறம் அவனிடமே ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுடா என்கிறோம்.

பீரியடைக் கணக்கு சாருக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். பரீட்சை நெருங்கும் பிப்ரவரியிலும்.