மாதாமாதம் ஏறும் ஆயிரத்தைக் கரையாமல் காப்பது எப்படி

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தைத் தாண்டி உள்ளே. நாற்பது சென்ட் மானாவாரி நிலம் இருக்கிறது, மல்லாட்டை (நிலக்கடலை) போடுவோம். மற்ற நாளெல்லாம் கூலி, இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோதே என் பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. நான் மகளிர் குழுவில் ஊக்குநர் என்பதால், "ஆயிரம் ஏறுது அக்கா, ஆனா எங்க போகுதுன்னே தெரியல" என்று வந்து உட்காருகிறவர்கள் அதிகம். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்ணப்பம் போடுவது எப்படி என்பது இதில் இல்லை. பணம் ஏறிய பிறகு என்ன செய்வது என்பது மட்டும்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதாக எனக்கு மெசேஜ் வந்தது. ஏடிஎம்மில் பார்த்தால் நானூற்றுச் சொச்சம்தான் இருந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பழைய அபராதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படிப் பல ஊரில் நடந்து, இந்தப் பணத்தில் வங்கிகள் கை வைக்கக் கூடாது என்று அரசே சொல்ல வேண்டியதாயிற்று. நான் இரண்டு தடவை வங்கிக்கு நடந்து, எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப வரவு வைத்தார்கள். உங்களுடையது சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால், அதை ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், மாற்றித் தர வேண்டும். ஏடிஎம் கார்டு உங்கள் முந்தானையில் இருக்கட்டும். பின் நம்பரைக் கார்டு உறையின் மேலேயே எழுதி மகனிடம் கொடுத்தனுப்புகிற வேலை வேண்டாம். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் அப்படித்தான் செய்கிறார்கள்!

முதல் மூன்று மாதம் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். எங்கே ஓட்டை என்று மட்டும் பாருங்கள். எனக்கு அது மளிகைக் கடை நோட்டு. கடனுக்கு வாங்குகிறவள் விலை கேட்க முடியாது, எடை பார்க்க முடியாது, கடை மாற்றவும் முடியாது. முதல் மூன்று மாதமும் கையில் வந்ததை அந்த நோட்டில் கட்டி அடைத்தேன். அதற்குப் பிறகுதான் சந்தைக்குப் போய்ப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கினேன். அதே காசுக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் வந்தது.

அப்புறம் வட்டிக் கடன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் சமயத்தில் ஐயாயிரம் வாங்கியிருந்தோம், மூணு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 150 கட்டிக்கொண்டே இருந்தோம், அசல் அசையவில்லை. "ஐந்நூறு ஐந்நூறா வாங்க மாட்டேன், ஆயிரமா கொண்டு வா" என்றார் கொடுத்தவர். அதனால் மாதம் ஐந்நூறு எடுத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆயிரமாகக் கட்டினேன். மாத வட்டி முதல் இரண்டு மாதம் 150, அடுத்த இரண்டு மாதம் 120, இப்படியே 90, 60, கடைசியில் 30. பத்தே மாதம், வட்டி மொத்தம் 900. சும்மா விட்டிருந்தால் அதே பத்து மாதத்தில் 1,500 வட்டி போயிருக்கும், ஐயாயிரமும் அப்படியே நின்றிருக்கும். ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் இந்தத் தேதிக்கு வரும் என்று தெரிகிற தொகை. கூலி அப்படி இல்லை. மழை பெய்தால் இல்லை, இயந்திரம் வந்தால் இல்லை. தேதி தெரிந்த பணத்தை வைத்துத்தான் கடன்காரரிடம் பேச முடியும்.

இனி வீட்டுக்குள் நடப்பது. இந்தப் பணமெல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் உண்டு. எங்கள் குழுவில் ஒன்றிரண்டு வீட்டில் அந்தத் தொல்லை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல வீட்டிலும் நடப்பது வேறு. "உனக்குத்தான் ஆயிரம் வருதே" என்று சொல்லி, வீட்டுக்காரர் கொடுத்துக்கொண்டிருந்ததைக் குறைத்துவிடுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஆயிரம் காணாமல் போய்விடும். என் வீட்டிலும் ஒரு சமயம் அதுதான் நடந்தது. இரண்டு மாதம் காஸ் சிலிண்டரை நான் வாங்கினேன், மூன்றாவது மாதம் அது என் செலவாகவே ஆகிவிட்டது.

அதனால் ஏற்கனவே அவர் செய்துவந்த செலவை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மாதம்கூட வேண்டாம். இதுவரை வீட்டில் நடக்காமலே இருந்த செலவு எது என்று பார்த்து அதில் போடுங்கள். சிலிண்டரை அவரிடமே திருப்பிவிட்டு, மகளுக்குக் கண்ணாடி வாங்கினேன். ஒன்றரை வருஷமாகக் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொகையை மறைக்க வேண்டியதில்லை. பாஸ்புக் என் வீட்டு மாடத்தில்தான் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அந்த மகள்தான் ஒரு நாள் போனில் படித்துச் சொன்னாள். கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுக்கிறதாம். சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுப் பாடு குறைந்தது, மொத்தமாக வாங்கியவர்கள் நிலைத்து நிற்கிற பொருளாக வாங்கினார்கள். கேட்டதும் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆயிரம் வந்தால் அரிசி பருப்பு, பத்தாயிரம் வந்தால் ஆடு. இதற்கு ஆராய்ச்சியா என்று கேட்டேன், சிரித்தாள்.

சரி, நமக்கு மொத்தமாக யார் தருவார்கள்? நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரே தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் ஐந்நூறு, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஐயாயிரம். ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை. பணம் ஏறிய மறுநாளே வசூல், அதைத் தாண்டினால் காசு நிற்காது. பத்துப் பேரும் ஒருவர் வீட்டு அடுப்படி வரை இன்னொருவர் போகிற பழக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் நடத்துகிற சீட்டில் இந்தப் பணத்தைப் போடாதீர்கள். ஆயிரத்தையும் முழுசாக இதில் போடாதீர்கள், பாதி சாப்பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு ஆறாவது மாதம் விழுந்தது. ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கினேன். அது குட்டி போட்டு ஒன்று செத்தது, ஒன்று நிற்கிறது.

விதை நேரத்தில் வந்த மாற்றம்தான் எனக்குப் பெரிசு. முன்பெல்லாம் விதை மல்லாட்டைக்குப் பெரிய வீட்டில் போய் நிற்போம். ஒரு மூட்டை வாங்கினால் அறுவடையில் ஒன்றரை மூட்டை கொடுக்க வேண்டும், கூப்பிட்ட நாளில் அவர்கள் கொல்லையில், அதாவது நிலத்தில், களையும் எடுக்க வேண்டும். நம் கொல்லைக் களை வளர்ந்து நிற்கும். போன பட்டத்தில் காசு கொடுத்து விதை வாங்கினேன், முதலில் எங்கள் களையை எடுத்தேன். மத்தியப் பிரதேசத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2011, 2012-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு எட்டு கிராமங்களில் மாதாமாதம் பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் கொடுத்தது, பிறகு 300, 150 என்று ஏற்றியது. அந்த ஊர்களில் பலர் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். சும்மா காசு கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள் என்று டீக்கடையில் யாராவது சொன்னால், நான் விதை மூட்டைக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஐம்பது ரூபாயை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள், நோட்டில் எழுத வேண்டாம். குழுவில் பத்து ரூபாய்க்கும் ரசீது வைத்துப் பழகிய எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பூ வாங்குவேன். போன மாதம் பூ வாங்கவில்லை, செங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாகப் பானி பூரி சாப்பிட்டேன்.