நவம்பர் 1-க்கு முன்: மட்டக்களப்பிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு முற்கூட்டியே விண்ணப்பிப்பது எப்படி

எங்கள் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் விண்ணப்பக் கட்டுரையோடு மல்லுக்கட்டிவிட்டு, பத்திர வேலைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கட்டுரையை ஒரே இரவில் இருந்து திருத்தி முடிக்கலாம். அதிபரின் கையெழுத்து ஒரே இரவில் கிடைக்காது. அதனால் மற்றவர்கள் கையில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

முற்கூட்டி விண்ணப்பிக்க இரண்டு வழி உண்டு. முதலில் எந்த வழி என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். ‘ஏர்லி டிசிஷன்’ என்றால் அந்த முறையில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை மீளப்பெற்று, அங்கேயே போக வேண்டும். நீங்கள், பெற்றோர், பாடசாலை மூன்று தரப்பும் அதற்குக் கையொப்பமிட வேண்டும். தரும் நிதியுதவி போதாது என்றால்தான் விலக இடமுண்டு. ‘ஏர்லி அக்‌ஷன்’ அப்படிக் கட்டிப்போடாது. பெரும்பாலும் மே 1 வரை யோசிக்கலாம். காசை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் என்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அடுத்தது திகதி. பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ‘காமன் ஆப்’ இணையத்தளம் ஓகஸ்ட் 1-இல் புதிய ஆண்டுக்குத் திறக்கும். கடைசித் திகதி பெரும்பாலான கல்லூரிகளுக்கு நவம்பர் 1 அல்லது 15, எங்கள் நேரப்படி இரவு 11.59. அமெரிக்க நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 2024, 2025 இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் தொடங்கியது. அதோடு அது மாரிகாலம். மழை பிடித்தால் கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது. ஒக்டோபர் 10-ஐயே உங்கள் கடைசித் திகதியாக நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

சரி, இனிப் பாடசாலை. அமெரிக்கப் பாடசாலைகளில் ‘கவுன்சிலர்’ என்ற மாணவர் ஆலோசகர் எழுதும் பகுதியை எங்கள் பாடசாலைகளில் அதிபரோ உப அதிபரோதான் நிரப்ப வேண்டிவரும். அவர்களுக்கும் பரிந்துரை எழுதும் ஆசிரியருக்கும் தளத்திலிருந்து மின்னஞ்சலில் இணைப்புப் போகும். அனுப்பிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டாஃப் ரூமுக்குப் போய், “சேர், ஒருக்கா போனைப் பார்ப்பமா?” என்று கேட்டுப் பக்கத்தில் இருங்கள். மின்னஞ்சல் எத்தனையோ தரம் ‘ஸ்பாம்’ பெட்டிக்குள்தான் கிடந்திருக்கிறது. அதைத் திறந்து, சேர் உள்நுழைந்து முதல் பக்கத்தை நிரப்பும்வரை எழும்பாதீர்கள். கையோடு ஒரு தாளும் கொடுங்கள்: உங்கள் பாடங்கள், சங்கப் பொறுப்புகள், அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த ஒரு வேலை. வெறுமனே ‘நல்ல பிள்ளை’ என்று எழுதும் கடிதத்தால் பெரிய பலன் இல்லை.

தேர்ச்சி அறிக்கைகளையும் சாதாரணதரப் பெறுபேற்றையும் ஆங்கிலத்தில் எடுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். பெயரில் கவனம் வேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருக்கும், பாடசாலை அறிக்கையில் வெறும் முதலெழுத்தாக இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டலும் மாறும். எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பழைய பத்திரத்தில் வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

நிதியுதவிக்குப் பல கல்லூரிகள், குடும்பத்தின் வருமான விபரம் கேட்கும் ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்ற இணையப் படிவத்தைக் கேட்கும். அப்பா கடலுக்குப் போகிறவர், வயல் செய்கிறவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. கிராம சேவகரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். இதற்கு இரண்டு மூன்று நடை போகும், செப்டெம்பரிலேயே போங்கள். உண்மையான தொகையைப் போடுங்கள். குறைந்த வருமானம் வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்டுக் கல்லூரிக்கு எழுதலாம்.

அனுப்பிய பிறகு கல்லூரி தன் இணையப் பக்கத்துக்கு ஒரு கணக்குத் தரும். ஒவ்வொரு பத்திரமும் கிடைத்ததா என்று அதில் தெரியும். ஏதாவது ‘கிடைக்கவில்லை’ என்று காட்டினால் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். பாடசாலையிலிருந்து வர வேண்டிய பத்திரம் சில நாள் பிந்தினால் அநேகமான கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும்.