பல வாட்ச் சேர்ந்த ஒரு பழைய வாட்ச்: வைத்துக்கொள்வதா, சரிசெய்வதா, விற்பதா?

பெரியப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். அவர் கட்டியிருந்த எச்.எம்.டி. பைலட் வாட்ச், பெரியம்மா கையால் எனக்கு வந்தது. ஓடவில்லை. திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது ஒரு வாட்ச் இல்ல. மூணு வாட்ச்" என்றார்.

கேஸும் டயலும் பைலட்டுடையவை. நிமிஷ முள் வேறொரு வாட்சிலிருந்து வந்தது. சாவி கொடுக்கும் குமிழ் எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லை. எனக்கு முதலில் மனசு விட்டுப்போனது. ஆனால் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது நிறைய. உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று கிடந்தால், நான் போன வழியிலேயே போய்ப் பாருங்கள்.

1. முதலில் கையை வைக்காதீர்கள்

பாலிஷ் போடாதீர்கள், டயலைத் துடைக்காதீர்கள். வருஷக்கணக்காக நின்றுபோன வாட்சுக்குச் சாவி கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடினால் பற்சக்கர அச்சுகளின் முனைகள் தேயும். இன்னொன்று, 1960கள் வரை வந்த வாட்சுகளில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போயிருக்காது. அதைச் சுரண்டக் கூடாது, அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

2. அது யாருடைய வாட்ச் என்று கேளுங்கள்

இதைப் பலரும் கடைசியில்தான் செய்கிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வேன். யார் கட்டியது, எங்கே வாங்கியது, எப்போது ரிப்பேருக்குப் போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நான் கேட்டபோது பெரியம்மா சொன்னது இது: "உங்க பெரியப்பா பாலத்துல சைக்கிள்ல இருந்து விழுந்தாவ. கண்ணாடியும் ஒடஞ்சு முள்ளும் போச்சு. மறுநாள் ஷிஃப்டுக்குள்ள மாத்திட்டு வந்துட்டாவ."

அந்த முள் ஏன் வேறு என்பதற்கு அதுதான் பதில். மறுநாள் காலையில் மில்லுக்குப் போக மணி தெரிய வேண்டும். கடைக்காரர் டப்பாவில் என்ன முள் இருந்ததோ அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

3. முன்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு பூதக்கண்ணாடியோடு நிதானமாகப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் முக்கியமானது.

நிமிஷ முள்ளின் நுனி டயல் ஓரத்தில் உள்ள நிமிஷக் கோடுகளைத் தொட வேண்டும். என் வாட்சில் அது ஒரு நூலளவு முன்னாலேயே நின்றுவிடுகிறது. அடுத்து, முட்களின் நிறம். ஒளிரும் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முதுமையடைந்திருக்க வேண்டும். என் மணி முள்ளில் அது தேநீர்க் கறை நிறத்துக்கு வந்துவிட்டது, நிமிஷ முள்ளில் இன்னும் வெள்ளை. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு டயல். எழுத்துகள் கொழகொழவென்று தடித்திருந்தாலோ, கோடுகள் முள்ளோடு ஒத்துப்போகாமல் கோணியிருந்தாலோ, அது மறுபடி பெயின்ட் அடித்த டயல். பைலட் என்றால் பெரும்பாலும் கறுப்பு டயல்தான். ஆரஞ்சு, ஊதா என்று பளபளக்கும் பைலட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

4. உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

நீங்களே கத்தியை விட்டு நெம்ப வேண்டாம். கத்தி நழுவினால், வாட்சைத் துடிக்கவைக்கும் பேலன்ஸ் சக்கரம் போய்விடும். கடைக்காரர் திறந்ததும் போனில் நாலைந்து படம் எடுங்கள். பார்க்க வேண்டியவை:

டயலில் ஆட்டோமேடிக் (கை அசைவில் தானே சாவி ஏறுவது) என்று போட்டு, உள்ளே சுற்றும் அரைவட்டத் தகடு இல்லையென்றால் மெஷின் வேறு. டயலில் 21 ஜூவல்ஸ் (அச்சுகளைத் தாங்கும் சின்னக் கற்கள்), மெஷினில் 17 என்றாலும் அப்படித்தான். மெஷினுக்கும் கேஸுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, காகிதமோ பிளாஸ்டிக்கோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். டயலின் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் உண்டு, அவை மெஷினில் உள்ள துளைகளில் உட்காரும். வேறு டயலைப் பொருத்துகிறவர்கள் அந்தக் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டிவிடுவார்கள். டயலைக் கழற்றும் அன்றைக்கு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 நம் பக்கம் பல வீடுகளில் இருக்கும். அதில் வேலை சுலபம். பின்மூடியில் 7009 போல ஒரு மெஷின் எண் இருக்கும். உள்ளே இருக்கும் மெஷினிலும், டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்திலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். சீரியல் எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம்.

5. எந்த மாதிரிக் கலப்பு?

எல்லாக் கலப்பும் ஒன்றல்ல. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் பைலட், ஜனதா என்ற இரண்டு மாடல்களிலும் ஓடுவது ஒரே 0231 மெஷின்தான். ஜனதா மெஷினைப் பைலட்டில் போட்டால் அது ஒரே குடும்பத்துக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இல் அரசு முடிவெடுத்த பிறகு, பெரும்பாலும் பழைய வாட்சைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டியிருக்கிறது.

விற்பதற்காகவே சேர்த்துக் கட்டுவது வேறு. ஆன்லைனில் ஃபேவர் லூபா என்ற ஸ்விஸ் கம்பெனியின் சீ சீஃப் வாட்ச் ஒன்று வாங்கினேன். அப்பழுக்கில்லாத நீல டயல். பின்மூடியைத் திறந்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத மெஷின், ஒட்டிய டயல். ஒரிஜினல் என்று சொல்லி விற்றிருந்தார்கள். பெரியப்பாவின் முள் ஒரு மனிதரின் அவசரத்துக்காகப் போட்டது. இது என்னை ஏமாற்றுவதற்காகவே போட்டது. எனக்கு இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை.

6. இனி முடிவு

குடும்ப வாட்சாக இருந்து, கலப்பு ரிப்பேரால் வந்ததென்றால் அப்படியே விடுங்கள். சுத்தம் செய்து ஆயில் போடும் முழு சர்வீஸ் மட்டும் போதும். தவறாக உட்கார்ந்து மெஷினைக் கெடுக்கும் பாகத்தை மட்டும் மாற்றுங்கள். என் வாட்சில் அந்தக் குமிழ் சரியாக மூடாமல் தூசியை உள்ளே விட்டது. அதை மட்டும் மாற்றச் சொன்னேன்.

குடும்பத் தொடர்பு இல்லை, ஆனால் டயலும் கேஸும் மெஷினும் ஒரிஜினல், முள் மட்டும்தான் வேறு என்றால் சரியான முள்ளைத் தேடிப் போடலாம். இப்படி ஒன்றிரண்டு பாகம் என்றால் தேடுங்கள். மூன்று, நான்கு என்றால் அந்தக் காசுக்கு நல்ல வாட்சே கிடைத்துவிடும்.

விற்பதற்காகவே ஒட்டுப்போட்ட வாட்சாக இருந்தால், உள்ளே நல்ல பாகம் எது என்று பார்த்து, அதை இன்னொரு வாட்ச் பிழைக்கக் கொடுங்கள். என் சீ சீஃபின் கேஸை அண்ணாச்சியிடம் அப்படித்தான் கொடுத்தேன். விற்பதென்றால் எது எது மாற்றியது என்று படத்தோடு எழுதி விற்க வேண்டும். விலை குறையும், குறையட்டும்.

7. கடையில் கொடுக்கும்போது

என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்: கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலுக்குப் பெயின்ட் வேண்டாம். செலவை முன்கூட்டியே கேளுங்கள். கழற்றிய பாகம் எதுவானாலும் திருப்பி வாங்கி வையுங்கள். பழைய குமிழை ஒரு சின்ன டப்பாவில், பெரியம்மா சொன்னதை எழுதிய தாளோடு வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் தினமும் காலையில் ஒரே நேரத்துக்குச் சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதும், குற்றாலச் சாரலுக்கும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பழைய கேஸுக்குள் ஈரம் சுலபமாக இறங்கும்.

போன ஆனித் தேரோட்டத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அந்தக் குட்டை முள்ளு அப்படியே இருக்கே" என்றாள்.